மூன்றாம் நம்பர் பெட்டியின் ஓய்வு

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கல்லாங்காட்டுக்குப் போன சிறு ரயிலைப் பற்றிக் குறை சொன்னவர்கள் எல்லாரும் அதில் ஏறிப் போனவர்கள். கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் குறை சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று விதி இருந்தது.

கம்பெனியில் விதிகள் நிறைய. பெரும்பாலானவை பெட்டிகளைப் பற்றியவை. மொத்தம் ஏழு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் சேவைக்காலம், வருஷாந்தர உடல்தகுதிப் பரிசோதனை, பதவி உயர்வு, ஓய்வு எல்லாம் உண்டு. மழை பெய்தால் பெட்டிகள் கொட்டகைக்குள் நிற்கும். அவற்றைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திய ஆட்கள் வெளியே நிற்பார்கள். கொட்டகை பெட்டிகளின் அளவுக்குக் கட்டப்பட்டது. ஆட்களைப் பற்றியும் ஒரு விதி இருந்தது: பெட்டிகளைப் பற்றிய விதிகள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செங்கோடன் கல்லாங்காடு ஸ்டேஷனில் பெட்டி கழுவுகிறவன். சக்கர அச்சுகளுக்கு எண்ணெய் விடுவதும் அவன் வேலைதான். பாதை போட்டபோது அது அவனுடைய சோளக்காட்டின் நடுவே போயிற்று. காட்டின் நடுவே வீடு இருந்தது. காட்டுக்குப் பதிலாகக் கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்தது. வீட்டுக்குப் பதிலாக வாக்குக் கொடுத்தது.

வாக்கு பகிரங்கமாகவே கொடுக்கப்பட்டது. திறப்பு விழாப் பந்தலில் ஏஜெண்டு துரை இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். சூப்பரின்டெண்டு கைலாசம் அதைத் தமிழில் கால் மணி நேரம் சொன்னார்.

“செங்கோடா, இந்த ஏழு பெட்டிகளில் உனக்குப் பிடித்ததை இன்றே சொல். அது ஓய்வு பெறுகிற நாளில் சக்கரத்தோடு உனக்குச் சொந்தம். தேக்குமரம். ஒழுகாது. கரையான் ஏறாது. ராஜாக்களுக்குக்கூடச் சக்கரம் வைத்த அரண்மனை கிடையாது. நான் இருக்கிறேன், பயப்படாதே.”

பெரிய ரயில்வேக்களில் பழைய பெட்டிகளை இறக்கிவைத்து ஆட்கள் குடியிருப்பது வழக்கம்தான். அதனால் செங்கோடனுக்குச் சந்தேகம் வரவில்லை. அவன் மனைவி அத்தாயிதான் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். சந்தையில் பானை வாங்குகிற மாதிரி ஏழு பெட்டிகளையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவதன் முன்னால் நின்றாள்.

“இதுதானுங்க. சத்தம் கட்டியா இருக்குது.”

அதுவரைக்கும் இருக்கட்டும் என்று இருவரும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பனையோலையால் ஒரு சாளை போட்டுக்கொண்டார்கள். சாளை கம்பெனி நிலத்தில் இருந்தது. கம்பெனி நிலம் என்பது செங்கோடனின் பழைய சோளக்காடு.

பெட்டியின் சேவைக்காலம் பதினைந்து வருஷம் என்று விதி. அத்தாயி காத்திருந்தாள். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை. ரயில் கல்லாங்காட்டில் நிற்கும்போதெல்லாம் துடைப்பத்தோடு மூன்றாம் நம்பருக்குள் ஏறிவிடுவாள்.

“ஏனுங்க, அங்க துப்பாதீங்க. அது அடுப்பு வெக்கற எடம்ங்க.”

“இது ரயிலும்மா,” என்பார் வெற்றிலைக்காரர்.

“இப்பத்திக்கு ரயிலுங்க.”

வெல்ல மூட்டையோடு ஏறுகிறவரிடம், “அந்த மூலையில எறக்காதீங்க சாமி, எறும்பு வரும். எங்கூட்டுக்காரரு படுக்கற எடம்” என்பாள். கோழிக்கூடைக்காரிகளை நான்காம் நம்பருக்கு அனுப்பிவிடுவாள். செவ்வாய்ப்பேட்டைக்குத் துணி மூட்டை கொண்டுபோகிறவர்கள் மட்டும் உட்காரலாம். துணியால் கறை படியாது. கொஞ்ச காலத்தில் பிரயாணிகள் மூன்றாம் நம்பரில் ஏறும்போது செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். யாரும் சொல்லவில்லை.

இதன் விளைவை அத்தாயி எதிர்பார்க்கவில்லை. வருஷாந்தரப் பரிசோதனைக்கு வந்த கைலாசம், மூன்றாம் நம்பரில் வெற்றிலைக் கறை இல்லாததைக் கண்டு நெகிழ்ந்துபோனார். அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார். மூன்றாம் வகுப்பாக இருந்த பெட்டி இரண்டாம் வகுப்பாயிற்று. மெத்தை தைத்துப் போட்டார்கள். பச்சை வர்ணம் பூசினார்கள். அதைக் கழுவிக்கொண்டிருந்த செங்கோடனின் சம்பளம் பழைய வகுப்பிலேயே இருந்தது.

“மெத்தைங்க!” என்றாள் அத்தாயி. பஞ்சை அழுத்திப் பார்க்கக் கையை நீட்டினாள்.

“தொடாதே,” என்றார் கைலாசம். “இரண்டாம் வகுப்பு.”

அன்றிலிருந்து அவள் பெட்டிக்குள் ஏறக்கூடாது. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாகச் செங்கோடனுக்கு எங்கே பெருக்க வேண்டும் என்று சொல்லலாம். சொன்னாள்.

பதினைந்து வருஷம் நெருங்கியபோது ஓய்வு விதியை முழுவதும் படித்துக் காட்டினார்கள். ஓய்வு பெற வேண்டுமானால் பெட்டி ஓடத் தகுதியற்றது என்று நிரூபிக்கப்பட வேண்டும். நிரூபிக்க அது செவ்வாய்ப்பேட்டைப் பணிமனைக்கு ஓடி வர வேண்டும். ஓடி வந்துவிட்டால் தகுதி இருக்கிறது. வராவிட்டால் பரிசோதிக்க முடியாது. பரிசோதிக்காத பெட்டியைத் தகுதியற்றது என்று சொல்ல முடியாது.

அதனால் வெகுகாலம் எந்தப் பெட்டியும் ஓய்வு பெறவில்லை. முதலில் ஓய்வு பெற்றது ஆறாம் நம்பர். ஒரு திருப்பத்தில் அதன் தரைப்பலகை மொத்தமாகக் கழன்று விழுந்தது. நல்லவேளை, ரயில் மெதுவாகப் போகிற ரயில். பிரயாணிகள் பெட்டிக்குள் இருந்தபடியே தண்டவாளத்தில் நடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். உள்ளே இருந்ததால் முழுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது.

ஆறாம் நம்பருக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. மாலைக்கான பணத்தை ஆட்களின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதே நாளில் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் ஆண்டியும் ஓய்வு பெற்றான். பெட்டியும் அவனும் ஒரே தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாலை பற்றிய விதி பெட்டிகளுக்கு மட்டும் என்பதால், அவன் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கைலாசம் பேசினார்.

“சேவை என்றால் என்ன? இந்த ஆறாம் நம்பரைப் பாருங்கள். ஒரு நாள் லீவு கேட்டதுண்டா? அரிசி விலை ஏறிவிட்டது என்று சொன்னதுண்டா? சங்கம் வைத்ததுண்டா? கொக்கி மாட்டும்போது விரல் நசுங்கியது என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றதுண்டா? இப்படிப்பட்ட ஊழியர்கள் கிடைத்ததால்தான் இந்தக் கம்பெனி நடந்தது. மற்றவர்களை வைத்துக்கொண்டு எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஆண்டி தட்டவில்லை. மாலை இருந்தது. தவிர, அவனுக்கு இடது கையில் விரல்கள் குறைவு.

விழா முடிந்ததும் அவன் செங்கோடனைத் தனியாகக் கூப்பிட்டான்.

“ஏப்பா செங்கோடா, ஆறாம் நம்பரு எப்படி ரிட்டேரு ஆச்சுன்னு பாத்தீல்ல?”

“பாத்தேன்.”

“அப்பறம் என்ன? கடப்பாறைய எடுத்து நாலு பலகைய நெம்பி உடு. உம்மட ஊடு உனக்கு வந்துரும்.”

செங்கோடன் இதை அத்தாயியிடம் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நல்லாருக்குதுங்க. குடி போறதுக்கு மின்னாடி நம்மூட்ட நாமளே ஒடைக்கறதா? அந்த ஆளுக்கு வெரலு போனதோட புத்தியும் போயிருச்சுங்களா?”

“ஒடைக்காம போனா குடுக்க மாட்டாங்க புள்ள.”

“ஒடைச்சுட்டு வாங்கி என்னத்தப் பண்றது?”

இதற்குப் பதில் கம்பெனியிடமும் இருந்திருக்காது. ஆகவே மூன்றாம் நம்பர் ஒவ்வொரு வருஷமும் செவ்வாய்ப்பேட்டைக்கு ஓடிப்போய், தகுதி பெற்று, மாலையில் திரும்பி வந்தது. அது வருகிறபோதெல்லாம் அத்தாயி எட்டிப் பார்த்து, எங்கேயாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று கவலையோடு கேட்பாள். இல்லை என்றால் சந்தோஷப்படுவாள். பிறகு ஞாபகம் வந்து வருத்தப்படுவாள்.

யுத்தம் வந்தது. தண்டவாள இரும்பு தேவை என்று சர்க்கார் கேட்டது. கம்பெனி தேசபக்தியோடு பாதையை மூடியது. ஓட்டத்தில் நஷ்டம் வந்துகொண்டிருந்ததால் தேசபக்தி சுலபமாக இருந்தது.

மற்றப் பெட்டிகளை உடைத்து இரும்பு தனியாக, மரம் தனியாக எடுத்துக்கொண்டுபோனார்கள். மூன்றாம் நம்பர் கல்லாங்காட்டில் நின்றது. பாதையே மூடப்பட்டதால், பெட்டி நிரந்தரமாக அசையத் தகுதியற்றது என்று கைலாசம் சான்று கொடுத்தார். பணிமனைக்கு ஓடி வர வேண்டிய அவசியம் நீங்கியது. மூன்றாம் நம்பர் ஓய்வு பெற்றது.

கைலாசமே நேரில் வந்து சாவியைக் கொடுத்தார்.

“செங்கோடா, சொன்னேனா இல்லையா? கம்பெனி வாக்கு. பிடி.”

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கைலாசத்தின் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தடுக்கவில்லை.

“ஒரே ஒரு சின்ன விஷயம்,” என்றார். “பெட்டி உன்னுடையது. அது நிற்கிற இடம் கம்பெனியுடையது. வெள்ளிக்கிழமைக்குள் அப்புறப்படுத்திவிடு. அப்படியே அந்த ஓலைக் குடிசையையும்.”

“இந்தக் காடு எங்களோடதுங்களே எசமான்.”

“அது பாதை போடுகிற வரைக்கும்.”

“இப்பப் பாதை இல்லீங்களே?”

கைலாசம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “பாதை போனால் நிலம் திரும்பி வரும் என்று எந்த விதியில் இருக்கிறது? வெள்ளிக்கிழமை. நான் இருக்கிறேன், பயப்படாதே.”

வீடு கிடைத்துவிட்டது. வைக்க இடம் கிடைக்கவில்லை. அத்தாயியின் அண்ணன் மயில்சாமிதான் வழி சொன்னான். வண்டித்தடத்துக்கு அந்தப் பக்கம் அவனுக்குக் கடலைக்காடு இருந்தது.

“எங்காட்டு மூலையில கொண்டாந்து நிறுத்து மாப்ள. கடல புடுங்கின காடு. சும்மாதான் கெடக்குது.”

“இழுக்கோணுமே மச்சான்.”

“நம்ம பங்காளிவ மாடெல்லாம் எதுக்கு இருக்குது? திங்கறதுக்கா?”

வெள்ளிக்கிழமை காலையில் சுற்றுவட்டாரத்து மாடுகள் எல்லாம் வந்துவிட்டன. பனந்தண்டுகளைத் தண்டவாளம் மாதிரி சக்கரங்களுக்கு அடியில் நீளவாக்கில் போட்டார்கள். வடக்கயிறு கட்டினார்கள். அத்தாயி விடிவதற்கு முன்பே சாளையைப் பிரித்து, ஓலையைப் பக்கத்துக்காட்டு சென்னியம்மாளுக்கு மாட்டுக்கொட்டகை வேயக் கொடுத்துவிட்டாள். இனி அவளுக்கு ஓலை எதற்கு? பெட்டி வாசலில் மாவிலை கட்டினாள். இத்தனை வருஷமாக மனத்தில் குறித்து வைத்திருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி, அதன்மேல் அடுப்பை வைத்தாள். காடு போய்ச் சேர்ந்ததும் பால் காய்ச்ச வேண்டும்.

பெண்கள் எல்லாரும் உள்ளே ஏறிக்கொண்டார்கள்.

“எறங்குங்க புள்ளைங்களா, மாடு பாவம்!” என்று மயில்சாமி கத்தினான்.

“ரெண்டாங் கிளாசுங்கண்ணா! எறங்க மாட்டோம்!”

“சீட்டு வாங்குனீங்களா?”

“மாட்டுக்கிட்டக் கேளுங்க!”

கயிறு விறைத்தது. மாடுகள் முன்னங்கால்களை ஊன்றித் தலையைத் தாழ்த்தின. பெட்டி ஒரு முறை முனகியது. பிறகு நகர்ந்தது. பாதையை விட்டு இறங்கியது. வண்டித்தடத்தைக் கடந்தது. வெயில் ஏறுவதற்குள் கடலைக்காட்டு மூலையில் போய் நின்றது. உராய்வு குறைவாக இருந்ததற்கு, செங்கோடன் இத்தனை வருஷம் அச்சுக்கு எண்ணெய் விட்டதும் ஒரு காரணம்.

கைலாசத்துக்கு அவன் முன்தினமே சொல்லி அனுப்பியிருந்தான். அவர் வந்து ஆசீர்வாதம் செய்யாமல் குடி போவது மரியாதையல்ல என்று நினைத்தான். அவர் ஸ்டேஷனுக்கு வந்து, பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லாததைப் பார்த்தார். பிறகு கடலைக்காட்டைப் பார்த்தார். குடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார்.

பால் பொங்கியிருந்தது. அத்தாயி முதல் டம்ளரை அவரிடம் கொடுத்தாள். அவர் மெத்தையில் உட்கார்ந்து குடித்தார்.

“நல்ல பால். இது எப்படி இங்கே வந்தது?”

“எருமப் பாலுங்க. அண்ணனூட்டுது.”

“பெட்டியைக் கேட்டேன்.”

செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பக்கத்தில் சொந்த மாட்டை வெளியாள் முன்னால் யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள். பேசினால் மாடு நோகும் என்பார்கள். வீட்டுக்கும் அதுதான்.

“மாடு இழுத்துச்சுங்க எசமான். வெண்ணெயாட்டம் வந்துச்சு. ஒரு கிறீச்சு இல்லீங்க. பலகை ஒண்ணு அசையலீங்க. இன்னம் அம்பது வருசத்துக்கு ஓடுமுங்க!”

கைலாசம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நகர்ந்ததா?”

“ஆமாங்க.”

“தானாகச் சக்கரம் உருண்டு?”

“ஜம்முனு உருண்டுச்சுங்க!” என்றான் மயில்சாமியும், மாப்பிள்ளையின் வீட்டை விட்டுக் கொடுக்காமல்.

கைலாசம் எழுந்தார். இரண்டாம் வகுப்பு வாசலில் நின்றார். கீழே மாடுகளும் மனிதர்களும் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அவர் பேசினார்.

“நண்பர்களே, இன்று ஒரு பெரிய தவறு நேர இருந்தது. அசையத் தகுதியற்றது என்று நான் சான்று கொடுத்த பெட்டி அசைந்திருக்கிறது. ஆகவே அது ஓய்வு பெறவில்லை. ஓய்வு பெறாத பெட்டியைத் தனி ஆள் வீட்டில் வைத்திருக்க முடியாது. ராணுவத்தார் ஓடுகிற பெட்டி ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நான் தலைகுனிந்திருந்தேன். செங்கோடன் என் தலையை நிமிர்த்திவிட்டான். இந்தப் பெட்டி இவ்வளவு நன்றாக இருக்கக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். ராணுவத்துக்குக் கொடுக்கும்போது என் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பேன். என் பெயர் என்றால் அதில் நீங்கள் எல்லாரும் அடக்கம். பாதையைப் பெயர்க்க வரும் இஞ்சின் சாயங்காலம் வருகிறது. பெட்டியைத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்றுங்கள்.”

யாரும் அசையவில்லை. மயில்சாமிதான் பேசினான்.

“எம் மாடு திரும்ப இழுக்காதுங்க.”

“அப்படியானால் யுத்த காலத்தில் சர்க்காருக்கு வேண்டிய சொத்தை உன் காட்டில் அடைத்து வைத்திருக்கிறாய் என்று ஆகும். மாட்டை விட்டுவிட்டு நீ ஜெயிலுக்குப் போகலாம்.”

மயில்சாமி செங்கோடனைப் பார்த்தான். செங்கோடன் கைலாசத்தைப் பார்த்தான்.

“எசமான், சாவி குடுத்தீங்களே?”

“சாவியை வைத்துக்கொள். யார் கேட்டது? யுத்தம் முடிந்து இது ஓய்வு பெற்றதும் உனக்குத்தான். நான் இருக்கிறேன், பயப்படாதே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னொன்று. சேவையில் இருக்கும் பெட்டியில் காலையில் இத்தனை பெண்கள் டிக்கெட் இல்லாமல் பிரயாணம் செய்திருக்கிறார்கள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.”

“ரொம்ப நல்லதுங்க,” என்றான் செங்கோடன்.

மாடுகளைத் திருப்பிப் பூட்டினார்கள். இந்த முறை உள்ளே யாரும் ஏறவில்லை. அத்தாயி அடுப்பை எடுத்து வெளியே வைத்தாள். மண்ணைக் கையால் அள்ளிக் கொட்டினாள். தரைப்பலகையில் ஒரு வட்டம் கருத்திருந்தது. அதைக் கண்ட கைலாசம், “இதைத் தேய்த்துக் கழுவிவிடு,” என்றார். பெட்டிக்குள் அவள் ஏறக்கூடாது என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

அவள் இறங்கினாள். கழுவவில்லை. செங்கோடன்தான் கழுவினான்.

பெட்டி தண்டவாளத்தில் ஏறியபோது வெயில் சாய்ந்துவிட்டது. மயில்சாமி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். மற்றவர்களும் போனார்கள். சாளை இருந்த இடத்தில் நான்கு குழிகள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் அடுப்பு, இரண்டு பானைகள், ஒரு பாய், சுருட்டிய போர்வை. தூரத்தில் இஞ்சின் ஊதியது.

செங்கோடன் எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பரின் அருகே குனிந்தான்.

“ஏனுங்க,” என்றாள் அத்தாயி. “என்னங்க பண்றீங்க?”

“எண்ணெ உடறேன் புள்ள. தூரமாப் போகுது. வழியில அச்சு சூடேறிக்கும்.”

“பார்த்தீர்களா?” என்று கைலாசம் பக்கத்தில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார். “சொல்லாமலே செய்கிறான். இதுதான் சேவை.”

செங்கோடனின் முகம் மலர்ந்தது. அத்தாயி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கம்பெனியை நம்பியதில்லை. கம்பெனியோடு பேசுவதற்கு அவன் இருக்கிறான் என்று நம்பியிருந்தாள்.

“இன்னைக்கு எங்க படுக்கறதுன்னு அவருகிட்டக் கேட்டீங்களாங்க?”

அவன் கேட்டிருக்கவில்லை. கேட்கலாம் என்பதும் அப்போதுதான் தோன்றியது. ஆனால் கைலாசம் அதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் இஞ்சினுக்குக் காட்டிய கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் மேலதிகாரியிடம் சொந்த விஷயம் பேசக்கூடாது என்று விதி இருந்தது.

அத்தாயி பதிலுக்காக நின்றாள்.

இன்னும் ஒரு சக்கரம் பாக்கி இருந்தது. செங்கோடன் அதற்கும் குனிந்தான்.